உடையில்லாக் கடற்கரை: ஸ்பெயினில் உரிமை, பினாங்கில் சிறை – வித்தியாசம் எங்கே?

காப்பார், கிள்ளான் பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கடற்கரைன்னாலே ஒரு காட்சி மனசுல வரும். ஜெராம் பந்தாய் ரெமிஸ்ல ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இல்லைன்னா போர்ட்டிக்சன்ல டீ-சட்டையும் டிராக் பேண்ட்டும் போட்டபடியே இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்திருக்கும் அத்தை, சித்தி. கடல்ல இறங்கும்போதுகூட துணி குறையாது. நமக்கு அதுதான் பழக்கம்.

அதே வீட்டுப் பிள்ளைகள் இன்னிக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் விடுமுறைக்கும் ஐரோப்பாவுக்குப் போறாங்க. அங்கே நண்பர்கள் ஒருநாள், "ஒரு அமைதியான கடற்கரை இருக்கு, வா போலாம்"னு கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா பாதிப் பேர் உடம்பில் துணியே இல்லை. திரும்பி ஓடணுமா, நாமும் கழட்டணுமா, இது சட்டப்படி சரியா, போலீஸ் வருமா? கேள்விகள் வரிசையா வரும்.

அந்தக் கேள்விகளுக்கான விளக்கம்தான் இது. உதாரணத்துக்கு இரண்டு இடங்களை எடுத்துக்குவோம். ஒன்று, தென் ஸ்பெயினில் உள்ள எல் பரோனல் கடற்கரை. இன்னொன்று, நம்ம பினாங்கில் உள்ள தெலுக் கம்பி. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிக்குள் இருக்கு. இரண்டுக்கும் கொஞ்சம் மெனக்கெட்டுத்தான் போகணும். இரண்டுமே அமைதி. ஆனா ஒரே செயலுக்கு ஓர் இடத்தில் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாங்க; இன்னோர் இடத்தில் நீதிமன்றம்.

சுருக்கமாகச் சொன்னால்

• ஸ்பெயினில் பொது இடத்தில் உடையின்றி இருப்பது நாட்டுச் சட்டப்படி குற்றமில்லை. ஆனா அந்தந்த ஊராட்சி கட்டுப்பாடு விதிக்கலாம்.
• உடையில்லாக் கடற்கரைக்குப் போனா நீங்களும் கழட்டணும்னு கட்டாயம் இல்லை.
• அடுத்தவங்களைப் படம் எடுப்பதுதான் அங்கே பெரிய தப்பு.
• மலேசியாவில் ஆளில்லாக் கடற்கரை, மலை உச்சி எதுவானாலும் தண்டனைச் சட்டத்தின் 294ஆவது பிரிவு பாயலாம்.

'நேச்சரிசம்'னா என்ன?

தமிழில் இதை எளிதா 'நிர்வாணக் கடற்கரை'ன்னு சொல்லிடுறோம். ஐரோப்பாவில் இதைப் பின்பற்றுறவங்க சொல்ற பெயர் 'நேச்சரிசம்'. இயற்கையோடு ஒட்டி வாழ்வதன் ஒரு பகுதியா, கூட்டாக உடையின்றி இருப்பதுன்னு பொருள். அனைத்துலக நேச்சரிஸ்ட் கூட்டமைப்பு 1974இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. தன்மேல் மதிப்பு, பிறர்மேல் மதிப்பு, சுற்றுச்சூழல்மேல் மதிப்பு என்ற மூன்றையும் வளர்ப்பதுதான் நோக்கம் என்பது அதன் சாரம். பாலியல் இதில் சேர்த்தி இல்லை. அதைத் தேடி வர்றவங்களை அங்கே இருக்குறவங்களுக்கே பிடிக்காது.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம்'னு நினைச்சா, ஒரு சின்ன ஆச்சரியம். வரலாற்றில் பதிவான முதல் நேச்சரிஸ்ட் சங்கம்னு பலரும் குறிப்பிடுவது 1891இல் பம்பாய்க்குப் பக்கத்தில் தானாவில் தொடங்கியதைத்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே நீதிபதியா இருந்த சார்லஸ் கிராஃபர்ட் அதை ஆரம்பிச்சார். மொத்த உறுப்பினர்களே மூணு பேர். சங்கமும் ரொம்ப நாள் நீடிக்கலை.

நம்ம மரபிலும் உடையின்மைக்கு வேறொரு பொருள் உண்டு. திசைகளையே ஆடையாக உடுத்தியவர்கள் என்ற பொருளில்தான் சமணத் துறவிகளில் ஒரு பிரிவினர் 'திகம்பரர்' என்று அழைக்கப்படுறாங்க. ஆனா அது துறவு. விடுமுறைக்குக் கடற்கரையில் படுத்திருப்பது அதே கணக்கில் வராது. சாதாரண மனுஷனுக்கு நம்ம ஊர் சொல்ற விதி, 'ஆள் பாதி, ஆடை பாதி'.

எல் பரோனல் எப்படிப்பட்ட இடம்?

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா மாகாணத்தில் 'காபோ தே காத்தா – நிஹார்' இயற்கைப் பூங்கா இருக்கு. 1987இல் பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிக்கப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமா அங்கீகரிச்சது. நிலம் மட்டுமில்லை, கரையை ஒட்டிய கடலும் பூங்காவில் அடக்கம்.

எரிமலைப் பாறைகள், முள்செடிகள், குட்டைப் பனைகள், வெட்ட வெயில். ஐரோப்பாவிலேயே மிக வறண்ட பகுதிகளில் இது ஒன்று. ஒரு வருஷத்துக்கு இங்கே பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். நம்ம கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அதிகமுள்ள ஒரே மாதத்தில் அதைவிட அதிகமா கொட்டிடும்.

பூங்காவுக்குள் உள்ள சின்ன ஊர் சான் ஹோசே. அங்கிருந்து போகும் மண்பாதையில் ஹெனோவேஸஸ், மோன்சுல் என்று இரண்டு பிரபலமான கடற்கரைகள். 'இந்தியானா ஜோன்ஸ்' பட வரிசையில் 1989இல் வந்த மூன்றாவது படத்தின் ஒரு காட்சியை மோன்சுலில்தான் எடுத்தாங்க. இந்த இரண்டுக்கும் நடுவில், பாதையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தா வருவது எல் பரோனல். நடக்கணும் என்பதாலேயே கூட்டம் குறைவு. பல வருஷமா நேச்சரிஸ்ட்கள் வந்துபோகும் இடம்.

அங்கே கடை, கழிப்பறை, நிழல், உயிர்காப்பாளர் எதையும் எதிர்பார்க்காதீங்க. தண்ணீரைக் கையோடு கொண்டு போகணும். காற்று பலமா இருக்கும் நாளில் அலையும் பலமா இருக்கும். நீச்சல் சரியா தெரியாதவங்க ஆழத்துக்குப் போகக்கூடாது. கோடை மாதங்களில் இந்தப் பாதையில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, சான் ஹோசேயிலிருந்து பேருந்து ஓடும்.

அதே மாகாணத்தில், வடக்கே வேரா என்ற ஊரில் நேச்சரிஸ்ட்களுக்கென்றே ஒரு குடியிருப்புப் பகுதியும் ஹோட்டலும் இருக்கு. 2013இல் 729 பேர் அங்கே ஒரே நேரத்தில் உடையின்றிக் கடலில் இறங்கி உலக சாதனை படைச்சாங்க. வசதியும் கூட்டமும் வேணும்னா வேரா. அமைதி வேணும்னாதான் எல் பரோனல்.

ஸ்பெயின் சட்டம் என்ன சொல்லுது?

1975 வரை நீடிச்ச ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் ஸ்பெயின் ரொம்பக் கட்டுப்பெட்டியான நாடு. உடையின்றிப் பொது இடத்தில் இருந்தா 'பொது ஒழுக்கக்கேடு' என்ற குற்றச்சாட்டு வரும். 1988இல் அந்தக் குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துட்டாங்க. அதற்குப் பிறகு, வெறுமனே உடையில்லாமல் இருப்பது அங்கே குற்றமில்லை. சிறுவர்கள் முன்னிலையில் ஆபாசச் செயலில் ஈடுபடுவது இன்னமும் குற்றம்தான்.

இதற்கு 'எங்கே வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் திரியலாம்'னு அர்த்தம் இல்லை. ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் விதி போடலாம். பார்சலோனா நகரம் 2011இல் தெருக்களில் உடையின்றி நடப்பதற்குத் தடை போட்டது. நீச்சலுடையோடு ஊருக்குள் சுற்றினாலும் அபராதம். ஆனா விதியே போடாத ஊரில் அபராதம் செல்லுமா? வலென்சியா பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் உடையின்றி நடந்த ஒருவருக்குப் போட்ட அபராதத்தை ரத்து செய்த தீர்ப்பை, 2023இல் அந்த வட்டாரத்தின் உயர் நீதிமன்றம் உறுதி செஞ்சது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஸ்பெயினில் கடற்கரைகள் பொதுச் சொத்துன்னு அரசியலமைப்புச் சட்டமே சொல்லுது. அதனால எல் பரோனல் மாதிரி இடத்துக்கு நீங்க உடையோடு போறதை யாரும் தடுக்க முடியாது. அங்கே இரண்டு மாதிரி ஆட்களும் கலந்துதான் இருப்பாங்க.

மத்திய தரைக்கடல் முழுக்க இப்படித்தானா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. பிரான்சில் ஊர்த் தலைவர் ஒதுக்கிய கடற்கரைகளில் பிரச்சினை இல்லை. அந்நாட்டின் லெவாந் தீவில் 1931இலேயே ஒரு நேச்சரிஸ்ட் கிராமம் உருவாச்சு. குரோஷியாவிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1936இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் ராப் தீவுக்கு வந்துபோனது அங்கே இன்னமும் சொல்லப்படுற கதை. இத்தாலியில் அனுமதிக்கப்பட்ட இடத்தைத் தாண்டினால் அபராதம் வரலாம். அதே கடலின் மறுகரையில் இருக்கும் மொரோக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. கடல் ஒண்ணுதான், கரைதான் வேற வேற.

போனா எப்படி நடந்துக்கணும்?

முதல் விஷயம், கட்டாயம் எதுவும் இல்லை. 'எல்லாரும் கழட்டிட்டாங்க, நான் மட்டும் பட்டிக்காடா?'ன்னு நினைக்க வேண்டாம். உங்களுக்கு விருப்பமில்லைன்னா நீச்சலுடையோடு இருங்க, இல்லைன்னா வேற கடற்கரைக்குப் போங்க. நண்பர்கள் வற்புறுத்தினா அது நேச்சரிசம் இல்லை, வெறும் நெருக்குதல். பிறர்மேல் மதிப்பு என்ற அதன் முதல் பாடத்தையே அவங்க படிக்கலைன்னு அர்த்தம்.

மற்றபடி அங்கே எல்லாரும் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள்:

• உட்காரும் இடத்தில் எப்பவும் துண்டு விரிச்சுக்கணும்.
• இருக்குறவங்களை ஒட்டி உட்காராம, தள்ளி இடம் பிடிக்கணும்.
• முறைச்சுப் பார்க்கக்கூடாது. கிண்டல், சிரிப்பு, விரல் நீட்டுறது கூடவே கூடாது. தமிழில் பேசினா யாருக்கும் புரியாதுன்னு நினைக்காதீங்க. சிரிப்புக்கு மொழி தேவையில்லை.
• கைபேசி பையிலேயே இருக்கட்டும். கடலைப் படம் எடுக்கணும்னா, ஃபிரேமில் யாரும் இல்லைன்னு உறுதி செஞ்ச பிறகு எடுங்க. ஒருவரின் உருவம் அவருக்கே உரியதுன்னு பாதுகாக்கும் தனிச் சட்டம் ஸ்பெயினில் 1982 முதல் இருக்கு.
• கடற்கரையை விட்டு வெளியே வரும்போது, பாதையிலும் பேருந்திலும் ஊரிலும் உடை உடுத்தியிருக்கணும்.

வழக்கமா வெயில் படாத தோல் ரொம்பச் சீக்கிரம் வெந்து போகும். 'நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு அசட்டையா இருக்க வேண்டாம். சன்ஸ்கிரீன், தொப்பி, போதுமான தண்ணீர் அவசியம். ஆள் குறைவான இடம் என்பதால் தனியா போகாம இருப்பது நல்லது. யாராவது தொந்தரவு கொடுத்தா, பின்தொடர்ந்தா, உடனே அங்கிருந்து கிளம்புங்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதிலும் அவசர எண் 112.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவங்க 180 நாள்களில் 90 நாள் வரை விசா இல்லாமலேயே ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். அந்த வசதியோடு போறவங்க, அந்த ஊர் விதியையும் தெரிஞ்சுக்கிட்டுப் போறதுதான் முறை.

'ஆளில்லை' என்பதும் 'யாருமில்லை' என்பதும் ஒண்ணா?

அமைதியான கடற்கரையைப் பார்த்ததும் 'இங்கே யாருமே இல்லை'ன்னு தோணும். எல் பரோனல் விஷயத்தில் அது தப்பு. கரையில் காய்ந்து குவிஞ்சு கிடக்கும் பழுப்பு நிற இலைகளைப் பார்த்து 'குப்பை'ன்னு முகம் சுளிப்பாங்க. அது மத்திய தரைக்கடலில் வளரும் பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. கடலுக்கடியில் அந்தப் புல்வெளிதான் மீன் குஞ்சுகளுக்கு வீடு. உதிர்ந்த இலைக் குவியல் அலையின் அடியைத் தாங்கி மணலைக் காப்பாத்துது. மணல்மேட்டுச் செடிகளும் அப்படித்தான். ஒரு குறுக்குவழி நடைபாதை உருவானாலே செடி செத்து, மணல் காற்றோடு போயிடும். அதனாலதான் பூங்காவில் கண்ட இடத்தில் கூடாரம் போடவும், தீ மூட்டவும், கல்லையும் செடியையும் எடுத்துட்டுப் போகவும் கூடாது.

இதைப் புரிஞ்சுக்க ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களைப் பார்த்தா யாருக்கும் சுற்றுலாத் தலம்னு தோணாது. ஆனா கடல் ஏறும் நேரத்தில், சேற்றுக்கரை மூழ்கினதும், ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் ஒதுங்கி நிற்கும் இடம் அது. சைபீரியா பக்கமிருந்து வலசை வரும் பறவைகள். உலகத்திலேயே அருகிவரும் சில இனங்களும் அதில் உண்டு. நமக்கு 'ஒண்ணுமில்லாத இடம்', அதுங்களுக்கு ஓய்வுக்கூடம்.

மலேசியாவில் இதையே செஞ்சா?

இப்போ பினாங்குக்கு வருவோம். தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அங்கே பந்தாய் கெராச்சுட்டில் ஆமைகள் முட்டையிட வரும். அதையும் தாண்டிக் காட்டு வழியிலோ படகிலோ போனா தெலுக் கம்பி. நீளமான, அமைதியான கடற்கரை.

2014இல் உள்நாட்டவரும் வெளிநாட்டவருமா ஒரு குழு அங்கே கூடி, உடையின்றி விளையாட்டுப் போட்டிகள் நடத்தியது. அந்தச் சமயத்தில் பெரிசா யாருக்கும் தெரியலை. ஆகஸ்ட் மாதம் அதன் காணொளி இணையத்தில் பரவினதும்தான் விஷயம் வெடிச்சது. போலீஸ் விசாரணை, கைது, நீதிமன்றம். பங்கேற்ற சிலருக்குச் சிறையும் அபராதமும் கிடைச்சது.

அடுத்த வருஷம் சபாவில் இன்னொரு சம்பவம். 2015 மே 30ஆம் தேதி கினபாலு மலை உச்சியில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் சிலர் உடையைக் கழட்டிப் படம் எடுத்துக்கிட்டாங்க. கடசான்டூசுன் மக்களுக்கு அந்த மலை முன்னோர்களின் ஆவிகள் உறையும் புனித இடம். ஜூன் 5ஆம் தேதி சபாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தாங்க. நிலநடுக்கத்துக்கும் அந்தப் படங்களுக்கும் அறிவியல்ரீதியா தொடர்பு எதுவும் கிடையாது. ஆனா துக்கத்தில் இருந்த மக்களுக்கு அந்தப் படங்கள் கொடுத்த காயம் நிஜம். நான்கு பேருக்கு மூன்று நாள் சிறை, ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதம். பிறகு நாட்டை விட்டு அனுப்பப்பட்டாங்க.

கினபாலு வழக்கில் பயன்பட்டது தண்டனைச் சட்டத்தின் 294(a) பிரிவு. பொது இடத்தில், பிறருக்கு எரிச்சலூட்டும் வகையில், ஆபாசமான செயலைச் செய்வது குற்றம். அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது அபராதம், இல்லைன்னா இரண்டும். 'யாருமே இல்லாத இடம்தானே' என்ற வாதம் இங்கே எடுபடுறது கஷ்டம். தேசியப் பூங்கா பொது இடம். படம் வெளியே வந்துட்டா எரிச்சலடையவும் ஆள் கிடைப்பாங்க.

இந்தியாவிலும் இதே 294 எப்படி வந்தது?

பிரிட்டிஷ்காரங்க மெக்காலே தலைமையில் வரைந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. அதையே அடிப்படையா வச்சு நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் எழுதினாங்க. மலேசியாவின் இன்றைய தண்டனைச் சட்டம் அந்த வழியில் வந்தது. பிரிவு எண் வரைக்கும் ஒற்றுமை அப்படித்தான்.

2020 நவம்பரில், 'பையா' படத்தில் நடித்த மிலிந்த் சோமன், தன் 55ஆவது பிறந்தநாளில் கோவா கடற்கரையில் உடையின்றி ஓடும் படத்தை வெளியிட்டார். கோவா போலீஸ் அதே 294இன் கீழ் வழக்குப் பதிவு செஞ்சது. இப்போ இந்தியாவில் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 296. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். சிங்கப்பூர் இன்னும் ஒருபடி மேலே. அங்கே உங்க சொந்த வீட்டுக்குள் உடையின்றி இருந்தாலும், அது வெளியே இருப்பவங்க கண்ணில் படுற மாதிரி இருந்தா குற்றமாகலாம்.

யோசிச்சுப் பார்த்தா ஒரு முரண் தெரியும். முதல் நேச்சரிஸ்ட் சங்கத்தைத் தொடங்கினவரும் பிரிட்டிஷ் நீதிபதி. உடையின்மைக்கு இன்றுவரை தண்டனை கொடுக்கும் சட்டத்தை எழுதினதும் பிரிட்டிஷ் அரசு.

அங்கே எடுத்த படத்தை இங்கே பகிரலாமா?

வேண்டாம். ஸ்பெயினில் நீங்க செஞ்சது சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டா, அது வேறொரு விஷயம். ஆபாசமான உள்ளடக்கத்தைப் பரப்புவது தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின் கீழ் வரலாம். தெலுக் கம்பி, கினபாலு, கோவா மூன்றையும் திரும்பப் பாருங்க. மூன்றிலும் விவகாரத்தை ஊரறிய ஆக்கினது படமோ காணொளியோதான்.

அப்போ போகலாமா, வேண்டாமா?

அது உங்க விருப்பம். பதினெட்டு வயசைத் தாண்டின ஒருத்தர், அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற இடத்தில், யாரையும் தொந்தரவு பண்ணாம ஒரு நாளைக் கழிச்சா அதில் தப்பு கண்டுபிடிக்க இடமில்லை. எனக்கு ஒத்துவராதுன்னு வேற கரைக்குப் போனாலும் அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

ஆனா ஒன்றை மனசுல வச்சுக்கோங்க. கடற்கரை அமைதியா இருக்குங்கிறதால அது யாருக்கும் சொந்தமில்லாத இடம்னு ஆகிடாது. எல் பரோனலுக்கு ஒரு சட்டமும் கடற்புல்லும் இருக்கு. தெலுக் கம்பிக்கு வேற சட்டமும், பக்கத்துக் கரையில் ஆமைகளும் இருக்கு. கினபாலுவுக்கு அதைக் கும்பிடுற மக்கள் இருக்காங்க. எந்தக் கரைக்குப் போனாலும், 'இங்கே என்ன போட்டுக்கணும்'னு கேட்கிறதுக்கு முன்னாடி 'இது யாரோட இடம்'னு கேட்டுக்கிட்டா, பாதிச் சிக்கல் வராது.